காக்கும் பூச்சிலிருந்து காலம் குறிக்கும் பூச்சுக்கு: எலும்பில் கரையும் மெக்னீசிய உள்வைப்புகளின் மேற்பரப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

முறிந்த எலும்பைப் பொருத்தி நிறுத்தி, எலும்பு கூடியபின் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும் உலோகமாக மெக்னீசியம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே அறுவை மருத்துவர்களின் கைக்கு வந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அது கைவிடப்பட்டது. 21ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் எடுத்துக்கொள்ளப்பட்டது. மெக்னீசியம் விரைந்து அரிக்கப்படும் உலோகம் என்பதே அது கைவிடப்பட்டதற்குக் காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அக்காரணம் முழுமையானதன்று என்பதையும், உலோகத்தின் மேற்பரப்பு பற்றிய அறிவு மருத்துவத் துறையை வந்தடையப் பிந்தியதே முதன்மையான இடைவெளி என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. வானூர்தித் துறையில் நிலைத்த காப்புக்காக உருவான மேற்பூச்சு முறைகள், எலும்பு மருத்துவத்தில் சிதைவின் தொடக்கத்தைத் தள்ளிவைக்கும் கருவியாகப் பொருள் மாறிய வரலாறு இதில் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மெக்னீசியம், எலும்பு உள்வைப்பு, அரிமானம், மேற்பூச்சு, நுண்வில் ஆக்சிஜனேற்றம், ஹைட்ரஜன் வளிமம்

முன்னுரை

உலோகம் நீராலும் காற்றாலும் கெடுவதைக் குறிக்கத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. இரும்பில் ஏறுவது துரு. செம்பில் படிவது களிம்பு. செம்பிற் களிம்பைச் சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்கு உவமை ஆக்கியது. பாடநூல்கள் இவையனைத்தையும் அரிமானம் என்னும் பொதுச்சொல்லில் அடக்குகின்றன. வழக்கு எதுவாயினும் உலோகம் அரிக்கப்படுவது தீமை, தடுக்கப்பட வேண்டியது என்னும் எண்ணம் இச்சொற்கள் எல்லாவற்றிலும் உறைந்திருக்கிறது. அரிக்கப்படுவதற்காகவே ஓர் உலோகத்தை உடலுக்குள் வைப்பது இவ்வெண்ணத்துக்கு நேர்மாறானது.

இம்முயற்சியின் தேவை எளியது. எஃகு அல்லது டைட்டேனியத் தகட்டால் பொருத்தப்பட்ட எலும்பு கூடியபின், அத்தகட்டை எடுக்கப் பலருக்கு இரண்டாவது அறுவை வேண்டியிருக்கிறது; வளரும் சிறாருக்கு இத்தேவை மிகுதி. எலும்பைவிடப் பன்மடங்கு விறைப்பான தகடு சுமையைத் தானே தாங்கிக்கொள்வதால் அடியிலுள்ள எலும்பு மெலியவும் கூடும். டைட்டேனிய உலோகக்கலவையின் மீட்சிக் குணகம் ஏறத்தாழ 110 ஜிகாபாஸ்கல். மெக்னீசியத்துக்கு அது ஏறத்தாழ 45. அடர்த்தியிலும் மெக்னீசியம் (கன சென்டிமீட்டருக்கு 1.74 கிராம்) எலும்புக்கு அருகில் நிற்கிறது. வளர்ந்த மனித உடலில் ஏறத்தாழ 25 கிராம் மெக்னீசியம் இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் எலும்பிலேயே உள்ளது. ஆகவே கரைந்து வெளிவரும் உலோகம் உடலுக்கு அயலானதன்று.

இடர் வேறிடத்தில் உள்ளது. மெக்னீசியம் நீருடன் வினைபுரிந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடையும் ஹைட்ரஜன் வளிமத்தையும் தருகிறது. 1 கிராம் மெக்னீசியம் முற்றும் கரைந்தால் உடல் வெப்பநிலையில் ஏறத்தாழ 1 லிட்டர் ஹைட்ரஜன் வெளிப்படும். பல மாதங்களில் வெளிப்பட்டால் திசுக்கள் அதை உறிஞ்சிவிடும். சில நாட்களிலேயே வெளிப்பட்டால் தோலடியில் வளிமப் பை உருவாகும். கரைகிறதா என்பதைவிட எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பதே கேள்வி.

தொடக்க முயற்சிகள்

ஹம்ப்ரி டேவி 1808இல் மெக்னீசியத்தைப் பிரித்தறிந்தார். மைக்கேல் ஃபாரடே 1833இல் உருகிய மெக்னீசியம் குளோரைடை மின்னாற்பகுத்தார். ராபர்ட் புன்சென் 1852இல் அமைத்த மின்கலமே உலோகத்தைக் கணிசமான அளவில் பெற வழிசெய்தது. அதற்குக் கால் நூற்றாண்டுக்குப்பின், 1878இல், அமெரிக்க மருத்துவர் எட்வர்டு ஹியூஸ் குருதிக்குழாய்களைக் கட்ட மெக்னீசியக் கம்பியைப் பயன்படுத்தியதைப் பதிவு செய்தார். உடலுக்குள் கம்பி மெதுவாகவே கரைகிறது, கம்பியின் பருமனுக்கேற்ப அக்காலம் மாறுகிறது என்னும் அவருடைய இரு கவனிப்புகளும் இன்றைய ஆய்வாளரும் மறுக்காதவை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் எர்வின் பயர் 1890களிலிருந்து குழாய், தகடு, கம்பி எனப் பல வடிவங்களில் இவ்வுலோகத்தைச் சோதித்து 1900ஆம் ஆண்டளவில் முடிவுகளை வெளியிட்டார். இவர்கள் யாரும் உலோகத்தின் மேற்பரப்பைத் தனிப் பொருளாகக் கொள்ளவில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்த அவர்களிடம் இருந்த ஒரே வழி பருமன்.

லாம்பாட்டின் தகடு

பெல்ஜிய அறுவை மருத்துவர் அல்பின் லாம்பாட் 1906–07 காலப்பகுதியில் ஓர் இளைஞரின் கீழ்க்கால் எலும்பை மெக்னீசியத் தகட்டால் பொருத்தினார். இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் அனைவரும் மேற்கோள் காட்டும் நிகழ்வு இது. 8 நாட்களில் தகடு சிதைந்தது. தோலடியில் வளிமம் பெருகியது. மெக்னீசியம் எலும்புக்கு ஆகாது என்னும் எண்ணத்துக்கு இந்த 8 நாட்கள் நெடுங்காலம் சான்றாக நின்றன.

ஆயினும் அந்தத் தகட்டை எலும்போடு இணைத்தவை எஃகால் ஆனவை. அவை ஆணிகளா திருகுகளா என்பதில் பிற்காலக் குறிப்புகள் வேறுபடுகின்றன. தங்கமுலாம் பூசிய எஃகு என்றே ஒரு குறிப்பு கூறுகிறது. எஃகு என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. உடல்நீர்மம் உப்புக் கரைசல். அதில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் அவை மின்கலமாகும். மெக்னீசியத்தின் திட்ட மின்முனை அழுத்தம் −2.37 வோல்ட், இரும்புக்கு −0.44, தங்கத்துக்கு ஏறத்தாழ +1.5. இத்தகைய இணையில் கரைவது எப்போதும் மெக்னீசியமே. கப்பலின் எஃகு உடலைக் காப்பதற்காக அதில் மெக்னீசியக் கட்டிகளைப் பொருத்துவது இந்த விதியின் பயன்பாடுதான். அங்கே மெக்னீசியம் தன்னை இழந்து எஃகைக் காக்கிறது. லாம்பாட்டின் நோயாளியின் காலிலும் அதுவே நிகழ்ந்தது.

தங்கமுலாம் பற்றிய குறிப்பு சரியெனின், இவ்வரலாற்றின் முதல் மேற்பூச்சு பூசப்பட்ட இடமே தவறானது. எஃகைக் காக்கும் என நம்பிப் பூசப்பட்ட முலாம், மெக்னீசியத்துக்கும் அதன் இணைக்கும் இடையிலான மின்னழுத்த வேறுபாட்டை இன்னும் பெருக்கியிருக்கும்.

லாம்பாட் இதை உணராதவர் அல்லர். தோல்விக்குப் பின் அவர் மெக்னீசியத்தை எஃகோடு சேர்ப்பதைத் தவிர்த்துத் தனியாகப் பயன்படுத்தினார். சிறாரின் முழங்கைக்கு மேற்பட்ட எலும்பு முறிவுகளில் மெக்னீசிய ஆணிகள் நற்பயன் தந்தன. 1932இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பில் இவ்வுலோகத்தை 'இழக்கப்படும் பொருள்' என்று பொருள்படும் தொடரால் அவர் குறித்தார். அவருடைய மாணவர் ழான் வெர்ப்ரூக் 1930களில் மெக்னீசிய உலோகக்கலவைகளைக் கொண்டு அப்பணியைத் தொடர்ந்தார். ஆனால் பின்வந்தோரின் நினைவில் நின்றது 1932ஆம் ஆண்டுக் கட்டுரையன்று. 8 நாட்களில் சிதைந்த தகடே.

மாசும் மேற்பரப்பும்

அமெரிக்காவில் ஏர்ல் மெக்பிரைடு 1938இல் மாங்கனீசு சேர்ந்த மெக்னீசியத் திருகுகளையும் தகடுகளையும் பற்றி எழுதினார். சோவியத் ஒன்றியத்தில் திரோயித்ஸ்கி, த்சித்ரின் இருவரும் 1944இல் காட்மியம் சேர்ந்த கலவையைக் கொண்டு 34 நோயாளர்களுக்குச் செய்த அறுவைகளைப் பதிவு செய்தனர்; 9 பேரிடம் அது பயன் தரவில்லை. தொற்றும் வளிமத் தேக்கமும் அதற்குக் காரணங்கள். தேங்கிய வளிமத்தை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுக்க வேண்டியிருந்தது. காட்மியம் நச்சுத்தன்மை உடையது என்பதால் அக்கலவை இன்று யாராலும் பரிந்துரைக்கப்படாது. எனினும் 34இல் 25 என்னும் எண்ணிக்கை, உலோகம் முற்றிலும் தோற்றது என்னும் கூற்றோடு பொருந்தவில்லை.

முடிவுகள் ஏன் இவ்வளவு ஏறியிறங்கின என்பதற்கு விடை மருத்துவத் துறைக்கு வெளியிலிருந்து வந்தது. 1942இல் அமெரிக்காவின் டவ் வேதிநிறுவனத்தைச் சேர்ந்த ஹானவால்ட், நெல்சன், பெலூபெட் ஆகியோர் மெக்னீசியத்தில் கலந்துள்ள இரும்பு, நிக்கல், செம்பு ஆகியவற்றுக்கு ஒவ்வொரு பொறுதி எல்லை இருப்பதைக் காட்டினர். தூய மெக்னீசியத்தில் இரும்பு பத்து லட்சத்தில் 170 பங்கு என்னும் அளவைக் கடந்தால் அரிமான வேகம் திடீரென உயர்கிறது. உலோகத்துக்குள் சிதறியுள்ள ஒவ்வோர் இரும்புத் துகளும் லாம்பாட்டின் எஃகு ஆணியைப் போல ஒரு நுண் மின்கலமாகச் செயல்படுகிறது. 1942க்கு முற்பட்ட அறுவை மருத்துவர்கள் தாம் பயன்படுத்திய உலோகத்தின் இரும்பளவை ஓர் எல்லையோடு ஒப்பிட வழி இருக்கவில்லை. எனவே அவர்களுடைய வெற்றிகளையும் தோல்விகளையும் மெக்னீசியத்தின் இயல்பாக மட்டும் படிப்பது பொருந்தாது. அவற்றில் ஒரு பகுதி மாசின் வரலாறு.

இதே ஆண்டுகளில் எலும்பு மருத்துவத்தின் இலக்கணமே மாறிக்கொண்டிருந்தது. வெனபிள், ஸ்டக், பீச் ஆகியோர் 1937இல் உடலுக்குள் உலோகங்களின் மின்னாற்பகுப்பு எலும்பில் ஏற்படுத்தும் விளைவுகளை ஆராய்ந்து, கோபால்ட்–குரோமியக் கலவையான விட்டாலியத்தை முன்மொழிந்தனர். துருப்பிடிக்காத எஃகும் பின்னர் டைட்டேனியமும் அவ்வழியில் நிலைபெற்றன. எதனோடும் வினைபுரியாத உலோகமே நல்ல உலோகம் என்பது விதியாயிற்று. அவ்விதியின்படி மெக்னீசியம் தேர்வுக்கே வரத் தகுதியற்றது. அது தோற்கடிக்கப்பட்டது என்பதைவிட, அது எழுதவேண்டிய தேர்வு நீக்கப்பட்டது என்பதே பொருத்தம்.

வானூர்தியின் பூச்சுகள்

மெக்னீசியத்தின் மேற்பரப்பு பற்றிய அறிவு இக்காலத்தில் தேங்கிவிடவில்லை. அது வேறு துறையில் வளர்ந்தது. எடை குறைந்த உலோகத்தை வானூர்தித் தொழில் விரும்பியது. அதற்கு நீடித்த காப்பு தேவைப்பட்டது. பில்லிங், பெட்வொர்த் இருவரும் 1923இல் விளக்கிய கன அளவு விகிதம் இச்சிக்கலின் வேரைக் காட்டுகிறது. மெக்னீசியம் ஆக்சைடாக மாறும்போது, அழிந்த உலோகத்தின் கன அளவில் 81 விழுக்காட்டையே அந்த ஆக்சைடு நிரப்புகிறது. உடலைவிடச் சிறிதாகத் தைத்த சட்டை போல அப்படலம் உலோகத்தை முழுவதும் மூடுவதில்லை. அலுமினியத்துக்கு இயற்கை அளித்த காப்பு மெக்னீசியத்துக்குக் கிட்டவில்லை. நீரில் உருவாகும் ஹைட்ராக்சைடுப் படலமோ குளோரைடு அயனிகளால் கரைக்கப்படுகிறது. மனிதக் குருதியில் குளோரைடின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிமோல். அப்படலம் நிலைகுலைய அதில் மூன்றில் ஒரு பங்கே போதும்.

ஆகவே செயற்கைப் படலங்கள் உருவாயின. குரோமேட் குளியல்கள் முதலில் பரவின. டவ் 17, எச்ஏஇ எனப்பட்ட நேர்மின்முனை ஆக்சிஜனேற்ற முறைகள் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தொழிற்சாலைகளில் வழக்கிற்கு வந்தன. மின்னழுத்தத்தை மேலும் உயர்த்தினால் உலோகப் பரப்பில் நுண்பொறிகள் தோன்றுவதை ஜெர்மனியில் குன்டர்ஷுல்சே, பெட்ஸ் ஆகியோர் 1930களில் ஆராய்ந்திருந்தனர். அப்பொறிகளையே பயன்படுத்திப் பீங்கான் போன்ற தடித்த படலத்தை வளர்க்கும் நுட்பம் 1970களில் சோவியத் ஆய்வகங்களில் முதிர்ந்தது. நுண்வில் ஆக்சிஜனேற்றம், பிளாஸ்மா மின்பகு ஆக்சிஜனேற்றம் என இன்று குறிக்கப்படுவது அதுவே.

காட்மியக் கலவையின் வளிமத்தை ஊசிக்குழலால் எடுத்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில், அதே உலோகத்தைப் பல ஆண்டுகள் காக்கும் படலங்களைப் பொறியாளர்கள் அறிந்திருந்தனர். இரு துறைகளும் சந்திக்கவில்லை. சந்தித்திருந்தாலும் உடனடிப் பயன் விளைந்திருக்குமா என்பது ஐயமே. ஆறு இணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. டவ் 17 குளியலிலும் டைகுரோமேட் உண்டு. இவற்றினும் ஆழமான தடை கருத்தளவிலானது. பொறியாளருக்கு நல்ல பூச்சு என்பது அழியாத பூச்சு. எலும்பு மருத்துவருக்கு வேண்டியது உரிய வாரத்தில் அழியும் பூச்சு.

மீள்வருகை

2005இல் ஃபிராங்க் விட்டும் அவருடைய ஜெர்மானிய உடனாய்வாளர்களும் நான்கு மெக்னீசியக் கலவைகளால் ஆன கோல்களைக் கினி எலிகளின் தொடை எலும்பில் வைத்து ஆராய்ந்த கட்டுரை, இவ்வுலோகத்தை எலும்பு ஆய்வின் மையத்துக்கு மீட்டுக் கொண்டுவந்த எழுத்துகளுள் ஒன்று. தோலடி வளிமக் குமிழ்கள் அங்கும் தோன்றின; இரண்டு மூன்று வாரங்களில் மறைந்தன. ஒப்பீட்டுக்கு வைத்த பாலிமர்க் கோலைச் சுற்றி வளர்ந்ததைவிட, மெக்னீசியத்தைச் சுற்றிப் புதிய எலும்பு மிகுதியாக வளர்ந்திருந்தது.

இக்கட்டுரையின் நோக்கில் முதன்மையானது மற்றொரு கண்டுபிடிப்பு. அரிக்கப்பட்ட உலோகத்தின் மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த அடுக்கு படிந்திருந்தது. புதிய எலும்பு அதை நேரடியாகத் தொட்டு வளர்ந்தது. எவரும் பூசாமலே உடல் தன் பூச்சைத் தானே பூசிக்கொண்டது. ஆனால் அவ்வடுக்கு உருவாகச் சில நாட்கள் ஆகின்றன. உலோகம் மிக விரைந்து கரைவதும் அதே நாட்களில்தான். செயற்கை மேற்பூச்சின் பணி அந்த இடைவெளியை நிரப்புவது என்று இதிலிருந்து கொள்ளலாம். முறிவு கூடும்வரை ஏறத்தாழ 12 வாரங்களேனும் உள்வைப்பு வலுவிழக்காமல் நிற்க வேண்டும் என்னும் பொது அளவுகோலும் இக்காலத்தில் நிலைபெற்றது. வேகத்தைப் பற்றிய பேச்சு கால அட்டவணையைப் பற்றிய பேச்சாயிற்று.

பின்வந்த பூச்சு ஆய்வுகள் மிகப் பல. பாஸ்பேட் பூச்சு இவற்றுள் வரலாற்றுச் சுவை உடையது. இரும்பைத் துருவிலிருந்து காக்கத் தாமஸ் காஸ்லெட் பாஸ்பேட் குளியலுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது 1906இல். லாம்பாட்டின் தகடும் அதே காலத்தது. தகட்டைக் காத்திருக்கக்கூடிய வேதியியல் அதே காலத்தில் ஆலைகளில் இரும்புப் பொருள்களுக்குப் பயன்படத் தொடங்கியிருந்தது. நூறு ஆண்டுகளுக்குப்பின் அதன் வழித்தோன்றல்கள் கால்சியம் பாஸ்பேட் பூச்சுகளாக எலும்புக்குத் திரும்பின. எலும்பின் கனிமப் பகுதி ஹைட்ராக்சி அப்படைட் வகைக் கால்சியம் பாஸ்பேட் என்பதால் இங்கே காப்பும் உறவும் ஒன்றாகின்றன. பாஸ்பேட் மாற்றுப் பூச்சுகள் குறித்து உலகெங்கும் எடுத்தாளப்படும் ஆய்வுத்தொகுப்பு ஒன்று 2005இல் சென்னையிலிருந்து வெளிவந்தது. தேசிய உலோகவியல் ஆய்வகத்தின் சென்னை மையத்தில் பணியாற்றிய டி.எஸ்.என். சங்கரநாராயணன் அதன் ஆசிரியர். அவரே தென்கொரியாவின் சோன்புக் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் இணைந்து, கரையும் உள்வைப்புகளுக்கான நுண்வில் ஆக்சிஜனேற்றப் பூச்சுகள் பற்றிய விரிவான தொகுப்பை 2014இல் வெளியிட்டார். தொழிற்சாலைப் பூச்சிலிருந்து எலும்புப் பூச்சுக்கு அறிவு கடந்து வந்த வழியை ஓர் ஆய்வாளரின் இவ்விரு எழுத்துகளிலேயே காணலாம்.

நுண்வில் படலத்தின் வலிமையும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறப்பவை. சில நூறு வோல்ட் அழுத்தத்தில் ஒவ்வொரு பொறியும் படலத்தைத் துளைத்து உருக்குகிறது. உருகியது நீர்மத்தில் குளிர்ந்து கெட்டிப்படுகிறது. உலோகத்தை ஒட்டிய உள்ளடுக்கு செறிவாகவும், வெளியடுக்கு எரிமலை வாய்களைப் போன்ற துளைகளோடும் அமைகிறது. துளைகள் எலும்புச் செல்கள் பற்றிக்கொள்ள உதவும். உடல்நீர்மம் உட்புகவும் அவையே வழி. ஆகவே துளைகளைப் பாலிமராலோ கால்சியம் பாஸ்பேட்டாலோ அடைக்கும் ஈரடுக்குப் பூச்சுகள் தோன்றின. ஹைட்ரோபுளோரிக் அமிலத்தில் அமிழ்த்திப் பெறும் மெக்னீசியம் புளோரைடுப் படலம் மெல்லியது, எளியது. அது தரும் கால நீட்டிப்பும் அதற்கேற்பச் சிறியது.

ஆய்வகத்தில் எளிதில் புலப்படாத ஓர் இடர் அறுவை மேசையில் தெரிகிறது. தட்டையான வில்லையின் மேல் குறையின்றி நிற்கும் படலம், திருகின் புரிகளில் அப்படி நிற்பதில்லை. திருகு கெட்டியான எலும்பில் முறுக்கி ஏற்றப்படும்போது புரி விளிம்புகளில் படலம் உரசிப் பெயரக்கூடும். பெயர்ந்த சிறு இடத்தில் மட்டும் உலோகம் வெளிப்பட்டால் அரிமானம் அங்கே குவிந்து குழியாக இறங்கும். பூச்சே இல்லாத திருகு சீராக மெலியும். பூச்சு கிழிந்த திருகு ஓரிடத்தில் ஒடியும். காக்கும் பூச்சு கெடுக்கும் பூச்சாவது இந்நிலையில்தான். ஆய்வேடுகளில் சோதிக்கப்படுபவை பெரும்பாலும் வில்லைகளே என்பதை இத்துறையின் பெருங்குறையாகக் கொள்ள வேண்டும்.

சோதனைக் குடுவைக்கும் உடலுக்கும் உள்ள வேறுபாடும் அத்தகையது. 2015இல் மார்த்தினெஸ் சாஞ்செஸ் குழுவினர் வெளியான தரவுகளைத் தொகுத்து ஒப்பிட்டபோது, குடுவையில் அளந்த அரிமான வேகம் உடலில் அளந்ததைவிடப் பெரும்பாலும் 1 முதல் 5 மடங்கு வரை இருந்தது. ஹியூஸ் 1878இல் கம்பிகளைக் கொண்டு கவனித்ததும் உடலில் கரைவு மெதுவாக நிகழ்கிறது என்பதையே.

மருத்துவமனையை எட்டியவை

ஜெர்மனியின் ஹானோவர் நகர நிறுவனமான சின்டெலிக்ஸின் மக்னெசிக்ஸ் திருகு 2013இல் ஐரோப்பியச் சந்தை இசைவைப் பெற்றது. கால் பெருவிரல் கோணலைத் திருத்தும் அறுவையில் 26 நோயாளர்களிடம் இவ்வகைத் திருகையும் டைட்டேனியத் திருகையும் ஒப்பிட்ட ஆய்வு அதே ஆண்டில் வெளிவந்தது. ஆறு மாத முடிவில் இரண்டும் இணையாகவே நின்றன. தென்கொரியாவில் மெக்னீசியம்–கால்சியம்–துத்தநாகக் கலவைத் திருகு 2015இல் இசைவு பெற்றது. இவ்விரண்டும் கலவையின் ஆக்கத்திலேயே வேகத்தைக் கட்டுப்படுத்த முனைந்தவை. ஆய்விதழ்களில் மேற்பூச்சுகள் பெற்ற இடத்தோடு ஒப்பிட்டால், அவை மருத்துவமனைக்குள் நுழைந்தது பிந்தியும் தயங்கியுமே.

இத்தயக்கத்துக்கு ஒழுங்குமுறைச் செலவு ஒரு காரணம்: கலவை, பூச்சு, அவ்விரண்டும் சிதைந்து தரும் பொருள்கள் என ஒவ்வொன்றும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும். மற்றொரு காரணம் கதிர்ப்படத்தில் இருக்கிறது. மெக்னீசியத் திருகைச் சுற்றி முதல் மாதங்களில் கருநிற வளையம் தோன்றுவதுண்டு. டைட்டேனியத் திருகைச் சுற்றி அத்தகைய வளையம் தெரிந்தால் திருகு தளர்ந்துவிட்டது அல்லது தொற்று ஏற்பட்டுள்ளது என்று மருத்துவர் கொள்வார். திருகை எடுக்கவும் முடிவு செய்வார். மெக்னீசியத்தில் அது பெரும்பாலும் வெளியேறிக்கொண்டிருக்கும் வளிமத்தின் தடம். மாதங்கள் செல்ல அவ்விடத்தில் எலும்பு நிரம்புகிறது. பூச்சுள்ள திருகில் அவ்வளையம் முதல் வாரத்திலன்றிப் படலம் கிழியும் வாரத்தில் தோன்றும். அது எந்த வாரம் என்பதைப் பூச்சைச் செய்தவர் முன்கூட்டிச் சொன்னாலன்றி, படத்தைப் பார்க்கும் மருத்துவருக்கு அது சிதைவின் ஒழுங்கா, தொற்றின் தொடக்கமா என்று பிரித்தறிய வழியில்லை.